கயிறு சுருங்கவில்லை

14-7-1997, திங்கள்

நேற்றைய டைரிப் பக்கத்தில் ஒரு சிறு பிழை இருக்கிறது. ‘அப்பாவின் அரைஞாண் கயிறு ஈரத்தில் சுருங்கிவிட்டது’ என்று எழுதியிருக்கிறேன். கயிறு சுருங்கவில்லை. நான் படித்த டைப்ரைட்டிங் கிளாஸில் பிழையை ரப்பரால் அழித்தால் மாஸ்டர் தாளையே கிழித்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் இந்த வரியையும் அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். சனிக்கிழமை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. உள்ளே கொண்டுபோகும் முன்பு இடுப்புக் கயிற்றைக் கத்தரித்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஆபரேஷனைவிட அதுதான் பெரிய பயமாகிப் போனது.

“ஏங்கண்ணு, அரணாக்கவுற அறுக்கறது யாருக்குன்னு உனக்குத் தெரியாதா? உசுரோட இருக்கற மனுசன் இடுப்பு மொட்டையாக் கெடக்கலாமா?”

“டாக்டருக்குத் தெரிஞ்சாத் திட்டுவாரும்மா.”

“டாக்டரு போர்வையத் தூக்கிப் பாத்துட்டேவா இருப்பாரு? போயிக் கட்டிப்போட்டு வா.”

நேற்றுக் காலை அப்பாவைப் பார்க்க ஐ.சி.யூ.வுக்குள் போனபோது கட்டினேன். புதுக் கறுப்புக் கயிறு. நெருப்பெரிச்சல் ஊரில் எங்கள் பனியன் கம்பெனியில், தைத்த பீஸை அளந்து பார்க்கும் செக்கிங் பிரிவில் நான் இருக்கிறேன். டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். கயிற்றை அளந்து வெட்டி, இரண்டு விரல் நுழையும்படி தளர்வாகவே கட்டினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மாலையில் மறுபடி போனேன். போர்வைக்குள் கை விட்டுப் பார்த்தால் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. விரல் நுழையவில்லை. வயிறு பலகை மாதிரி இருந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மதியம் ஈரத்துணியால் உடம்பு துடைத்திருப்பார்கள், துவைக்காத பருத்திக் கயிறு, ஈரம் பட்டுச் சுருங்கியிருக்கிறது என்று நினைத்தேன். கம்பெனியில் அளவு குறைந்த பீஸ் கையில் வந்தால் முதலில் ‘சுருக்கம்’ என்றுதான் சொல்வோம். போடுகிற ஆள் பெருத்திருப்பானோ என்று எங்களில் யாரும் யோசிப்பதில்லை.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குள் அங்கே ட்யூட்டியில் இருந்த நர்ஸ் சாரதாமணி சிஸ்டர் வந்துவிட்டார்.

“என்னங்க மணியன், அப்பாகூட ரகசியமா? வாயில கொழாய் இருக்குது, அவரு பதிலே சொல்லமாட்டாரு. கெளம்புங்க, நேரமாச்சு.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் கயிறு கட்டியது தெரிந்துவிடும். காலையில் தளர்த்திக்கொள்ளலாம் என்று போர்வையைச் சரியாக இழுத்துவிட்டு வந்தேன்.

இன்று காலை போனபோது கட்டில் காலி. அவசரமாக மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முடிந்து வந்த பெரிய டாக்டர் சொன்னார்: “வயித்துக்குள்ள நீர் கோத்து, குடல் வீங்கி, உள்ள அழுத்தம் ஏறிடுச்சு. அந்த அழுத்தத்துல கிட்னிக்கு ரத்தம் போகலை. நுரையீரலும் விரியலை. யூரின் குறைஞ்சப்ப ஹார்ட்தான் வீக்கா இருக்குன்னு நினைச்சிட்டோம். வயித்தைத் திறந்துதான் அழுத்தத்தை இறக்கியிருக்கோம்.”

அப்புறம் சிஸ்டர் பக்கம் திரும்பினார். “இடுப்புல கயிறு சதையை அறுத்துட்டுக் கிடந்துச்சு. ராத்திரி முழுக்க உன் கண்ணுல படலையா? யார் கட்ட விட்டது?”

“என் ட்யூட்டியில யாரும் கட்டலீங்க சார்.”

“அப்ப தானா முளைச்சுதா? நாளைக்கு விளக்கம் எழுதிக் குடுத்துட்டு வார்டை விட்டுப் போ.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “நேத்து நீங்க பாத்தப்ப வயிறு எப்படி இருந்துச்சு? எப்ப வீங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா, கிட்னி எவ்வளவு நேரம் ரத்தம் இல்லாம கிடந்ததுன்னு கணிக்கலாம். டயாலிசிஸை எப்ப ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணணும்.”

“கவனிக்கலீங்க” என்றேன்.

கதவுக் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தேன். வயிற்றை மூடவில்லை. மருந்து வருகிற பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, திறந்த இடத்தின் மேல் சுற்றிலும் தைத்திருந்தார்கள். தையலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

மதியம் சிஸ்டர் பஞ்சில் சுற்றி ஒன்றைக் கையில் கொடுத்தார். வெட்டிய கயிறு. “உங்கம்மா கேப்பாங்க, வெச்சுக்குங்க. அவங்களா கட்டுனாங்க?”

“தெரியலீங்க.”

அவருக்குக் கண் சிவந்திருந்தது. திரும்பி வார்டுக்குள் போய்விட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்து கயிற்றை டேப்பில் வைத்து அளந்தேன். நான் வெட்டிய அளவு அப்படியே இருந்தது. கால் இஞ்ச்கூடக் குறையவில்லை.

வராந்தாவில் அம்மா காத்திருந்தார். “கவுறு இடுப்புல இருக்குதா கண்ணு?”

“இருக்குதும்மா.” அது என் சட்டைப் பையில் இருந்தது.

“அப்பச் செரி. இனி ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிவிட்டு, காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, எனக்கும் ஒன்று எடுத்து வைத்தார்.

சாப்பிட்டுவிட்டு டாக்டரின் அறைக்குப் போனேன். வீட்டுக்குப் போய்விட்டார், காலையில்தான் வருவார் என்றார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாளை: டாக்டர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நிற்க வேண்டும். கயிறு கட்டியது நான், ஞாயிறு மாலையே வயிறு இறுகியிருந்ததைத் தொட்டுப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சாரதாமணி சிஸ்டரும் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும்.