செவ்வரத்தை வேலி இருந்த இடம்

செம்பருத்தி என்றும் சொல்கிற என் செவ்வரத்தை வேலியை மருமகன் வெட்டிப்போட்டது வைகாசி மாதத்தில், கண்ணகை அம்மன் கோயிலில் எங்கள் குடியின் பூசைக்கு ஒரு கிழமை இருக்கும்போது. சந்தைக்குப் போய்த் திரும்பி வருகிறேன், தெருவில் நின்றபடியே என் வீட்டுக் கிணறு தெரிகிறது. வேறு யாருடைய வளவுக்கோ வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கத்தியும் கையுமாக நின்ற உதயரூபனைக் கண்டேன்.

“கோவிக்க வேணாம் மாமி,” என்றார். “இதெல்லாம் வெண்டிட குடியெண்டு மிஸ் சொன்னவ. அதுதான் எடுத்திட்டன்.”

என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு ஊர் சித்தாண்டி. உதயரூபன் கிரான் ஊர்க்காரர். என் மகள் கம்சாயினியைக் கட்டி எங்கள் வளவுக்கு வந்தவர். இங்கே அதுதான் வழக்கம். வீடும் வளவும் மகளுக்கு, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார், பிறக்கிற பிள்ளைகள் தாயின் குடி, அதாவது தாய்வழிக் குலம். மருமகன் கொண்டுவந்தது ஒரு உடுப்புப் பெட்டியும், ஒரு ஜாம் போத்தல் நிறைய வெண்டி விதையும். விதை அவருடைய தாய் மங்கையற்கரசி கொடுத்துவிட்டது. நல்ல இனம்தான், பொய் சொல்லக்கூடாது. வெளிறிய பச்சையில் நீளநீளமாகக் காய்க்கும், லேசில் முற்றாது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக் காணி முழுவதும் அதைப் போட்டார். முதல் விளைச்சலை ஏறாவூர் வியாபாரி ஆதம்பாவா லொறி கொண்டுவந்து ஏற்றிப்போனார். அடுத்துப் போட்ட இரண்டும் மஞ்சள் நோயில் அழிந்தன. முதலில் இலை நரம்பு மஞ்சளாகும், பிறகு முழு இலையும், கடைசியில் காயும் வெளிறிக் கட்டைப்பட்டு மாடுகூட முகராது. மூன்றாவது முறையும் அழிந்தால் கட்டாருக்கு வேலைக்குப் போவதென்று மருமகன் முடிவெடுத்து, பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தார். அப்போது மகள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

கட்டார் என்ற பேச்சே எனக்கு ஆகாது. என் மனுசன் கோணாமலை, மகளைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போனவர். திரும்பி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தகப்பனைக் கண்டு என் பின்னால் ஒளிந்தாள். அந்த மனுசன் பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். அந்த நிலை என் மகளுக்கும் வரக்கூடாது என்பதால், அடுத்துப் போடுகிற வெண்டி பிழைக்க வேண்டுமென்று மருமகனைவிட நான்தான் அதிகம் நேர்ந்தேன்.

அந்த வெண்டி இரண்டிலை விட்டிருக்கும்போதுதான் விவசாயப் போதனாசிரியர் றுமானா வந்தாள். ஏறாவூர் முஸ்லிம் பிள்ளை, ஸ்கூட்டரில் வருவாள். இலையைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த வெள்ளை ஈயைக் காட்டினாள்.

“இதுதான் நோயைக் காவிக்கொண்டு திரியிற. வெண்டியில மட்டுமில்ல, வெண்டிட குடும்பத்திலயும் நோய் ஒளிச்சிரிக்கும். முதல்ல இந்தத் துத்தியெல்லாத்தையும் புடுங்குங்க.”

“வெண்டிக்கும் துத்திக்கும் என்ன மகள் சொந்தம்?” என்று கேட்டேன். துத்தி தெருவோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கிற செடி. அதை யாரும் யாருக்கும் சொந்தமாக நினைத்ததில்லை.

அவள் போய் ஒரு வெண்டிப் பூவும், என் வேலியில் ஒரு செவ்வரத்தையும், வாவிக்கரைப் பூவரசில் ஒரு பூவும் பறித்துவந்து கிணற்றுக்கட்டில் வைத்தாள். இத்தனை வருசம் மூன்றையும் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. வெண்டிப் பூவும் பூவரசம் பூவும் அக்காவும் தங்கச்சியும்தான். அதே மஞ்சள், தொண்டைக்குள் அதே கருஞ்சிவப்பு. செவ்வரத்தை நிறத்தில் வேறு. ஆனால் மூன்றிலும் ஐந்து இதழ், மூன்றிலும் நடுவிலிருந்து ஒரு குழல் எழும்பி, அதைச் சுற்றித்தான் மகரந்தம் ஒட்டியிருந்தது. பிறகு துத்தி இலையைக் கசக்கி என் விரலில் வைத்தாள். வழுவழு என்றது. தலைக்கு வைக்கச் செவ்வரத்தை இலை அரைத்தாலும், கறிக்கு வெண்டிக்காய் நறுக்கினாலும் கையில் வருகிற அதே வழுவழுப்பு.

“பருத்தி, இலவு எல்லாம் இதுக்குள்ளதான்,” என்றாள். “கொக்கோ, டூரியன் கூட.”

“டூரியனா?” என்று சிரித்துவிட்டேன். அந்த நாற்றம் பிடித்த பழத்துக்கு அம்மனுக்குச் சாத்துகிற பூவோடு உறவாம்.

மருமகன் சிரிக்கவில்லை. “அப்ப எல்லாம் ஒரே குடியெண்டு சொல்லுங்க மிஸ்,” என்றார்.

“அப்பிடியும் வெச்சிக்கொள்ளலாம். ஆனா எல்லாத்திலயும் நோய் இருக்காது. வேலியை நான் இன்னொருநாள் வந்து வடிவாப் பாத்துத்தான் சொல்லுவன்.”

அவள் சொன்னதில் பிந்திய பாதி மருமகனின் காதில் ஏறவில்லை. எங்கள் ஊர்ப்பக்க ஆள் ஒருவர் குடி என்று நினைத்துவிட்டால் அதற்குமேல் ஆராயமாட்டார். குடியில் ஒருவர் செய்தது முழுக் குடிக்கும். இந்த வளவில் நிற்கிறதெல்லாம் எங்கள் பக்கத்துச் சொத்து, ஆகவே குற்றமும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கும் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு. அன்றே துத்தியைப் பிடுங்கினார். மறுநாள் நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து வேலியையும் வெட்டினார்.

பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடியின் பூசைக்குச் செவ்வரத்தை மாலை என் கையால்தான் போகும். மற்றக் குடிப் பெண்களிடம் போய்ப் பூக் கேட்பதைவிட வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். மருமகனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு போட்டு வைப்பேன், சாப்பிட்டாரா என்று மகளிடம்தான் கேட்பேன்.

பூசை அன்று விடியற்காலை றுமானா வந்தாள். ஸ்கூட்டரில் ஒரு பெரிய பை தொங்கியது. வேலி போன செய்தியை மகள்தான் போனில் சொல்லியிருக்கிறாள்.

“எங்கட வீட்டிலயும் செவ்வரத்தை வேலிதான் அம்மா. உம்மா புடுங்கித் தந்தவ,” என்றாள். “ஒரு பூச்சியும் இல்ல, உதறித்தான் கொண்டு வந்தனான்.”

ஏறாவூர்ப் பூவில் மாலை கட்டி அம்மனுக்குப் போனது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனி மாதம் வெண்டி மறுபடியும் மஞ்சளானது.

மருமகன் காணி வரப்பில் குந்தியிருந்தார். துத்தி இல்லை, வேலி இல்லை, பிறகும் எங்கேயிருந்து வருகிறது? றுமானா வந்து வரிசை வரிசையாக நடந்தாள். தெருப்பக்கம் நோய் குறைவாக இருந்தது. கிணற்றடிக்குக் கிட்டப் போகப் போகக் கூடியது. கிணற்றடியில் போய் நின்றாள். அங்கே முதல் விளைச்சலில் விதைக்கு விட்ட நாலைந்து வெண்டி ஆள் உயரத்துக்கு நின்றன. தாய் மரம் என்று மருமகன் சொல்வார். கத்தியோடு வேலியெல்லாம் வெட்டியவர் அவற்றுக்குத் தடி நட்டுக் கட்டி வைத்திருந்தார்.

றுமானா உச்சி இலையை இழுத்துத் திருப்பினாள். நரம்பெல்லாம் மஞ்சள்.

“இதுதான்,” என்றாள்.

“அது இப்பவும் காய்க்குது மிஸ்.”

“காய்க்கும். சாகாது. நிண்டு நிண்டு புதுசுக்குக் குடுத்துக்கொண்டே இருக்கும். வெண்டிட நெருங்கின சொந்தம் வெண்டிதானே. அதை ஏன் விட்டீங்க?”

எனக்கு அப்போது நல்லாய்ச் சூடாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தும் விட்டேன்.

“எங்கட அம்மாக்குப் பொம்புளப் புள்ள இல்ல,” என்றார் மருமகன். “நாங்க எல்லாரும் ஆம்புளையள். அவட குடி அவவோட சரி. எனக்குப் புறக்கிறது மாமிட குடி. அம்மாட பக்கமெண்டு இந்த வளவில இரிக்கிறது இது ஒண்டுதான்.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். மங்கையற்கரசி மகள் வேண்டி எத்தனை கோயிலுக்கு நேர்ந்தாள் என்று எனக்குத் தெரியும். கலியாணத்தன்று அந்த ஜாம் போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான்தான் வாங்கி அடுப்படி மூலையில் வைத்துவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போனேன். மருமகன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

“மகள், விதைக்குள்ளயும் நோய் போகுமா?” என்று கேட்டேன்.

“இந்த நோய் விதையில போகாது அம்மா. காஞ்ச காயை எடுத்திட்டு மரத்தைப் புடுங்கி எரியுங்க. நிலம் கொஞ்சக் காலம் சும்மா கிடக்கட்டும், மறுகா போடலாம்.”

“மருமகன், நான் புடுங்கட்டா, நீங்க புடுங்குறீங்களா?”

வேலி வெட்டியதற்குப் பிறகு நான் அவரோடு நேரே பேசியது அதுதான். காய்ந்த காயை எடுத்து விதையை அந்த ஜாம் போத்தலில் போட்டுவிட்டு அவரே பிடுங்கினார். வேர் ஆழமாக ஓடியிருந்தது, கிணற்றுக்கட்டில் கால் கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. என் செவ்வரத்தை எரிந்த அதே குழியில் போட்டுக் கொளுத்தினார். மஞ்சளான பயிர் முழுவதும் அதற்குப் பின்னால் போனது. மேட்டுக் காணி மொட்டையாகக் கிடந்தது.

மூன்றாவதும் போய்விட்டது. மருமகன் கட்டார் பேச்சை எடுக்கவுமில்லை, விடவுமில்லை. ஏஜென்சிக்காரன் போன் எடுத்தால் வெளியே போய் நின்று பேசினார். மகள் அழவில்லை. அவருடைய உடுப்பைத் தோய்த்து மடித்து மடித்து ஒரு பக்கமாக வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

நிலம் ஆறட்டும் என்று றுமானா சொன்ன காலம் முடிந்ததும் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனேன். வேலி இருந்த இடம் நல்ல மண், வருசக்கணக்காக இலை விழுந்து உக்கிய மண். செவ்வரத்தைத் தடி நட அயல் வீட்டுக்காரிகள் எல்லோரும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். கொத்திப் பாத்தி கட்டி, மங்கையற்கரசியின் விதையை அந்த ஜாம் போத்தலிலிருந்து எடுத்து ஊன்றிக்கொண்டு போனேன். அடுத்த பூசைக்குப் பூ ஏறாவூரில் சொல்லி வைத்தாயிற்று.

மருமகன் வந்து பின்னால் நின்றார்.

“மாமி, இது உங்கட வேலிட இடம்.”

“ஓம். இடம் என்ட. விதை உங்கட அம்மாட. தண்ணி ஊத்தத்தான் ஆள் இல்ல. கட்டாரில நிண்டு ஊத்த ஏலாது.”

நான் திரும்பிப் பார்க்காமல் அடுத்த குழியைத் தோண்டினேன். பின்னால் அவர் போனில் யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது. இந்தமுறை வெளியே போகாமல் அங்கேயே நின்று பேசினார். பாஸ்போர்ட்டைத் திருப்பி எடுக்க எப்போது வரலாம் என்று கேட்டார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.