மூன்றாவது வரிசை

காலை ஆறு மணிக்குப் பொற்கொடி வயலுக்குப் போனபோது அவள் பெருக்கிய விதையின் வரிசை முழுக்க ஊதாப் பூ பூத்துக் கிடந்தது. பக்கத்து வரிசையில் ஒரு மொட்டுகூட இல்லை.

இரண்டும் ஒரே குதிரைமசால் தீவனச் செடிதான். ஒப்பிட்டுப் பார்க்க அருகருகே விதைத்தது. பூக்காதது கோயம்புத்தூரிலிருந்து வந்த தாய்விதை. பூத்தது, அதே விதையை அவள் மூன்று வருஷமாக ஆவூர் மண்ணில் பெருக்கி எடுத்தது. இரண்டும் ஒன்றுபோல வளர்ந்தால்தான் விதைத் துறைக்காரர்கள் அவள் விதையை எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் விதைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுவார்கள்.

"நம்ம விதைதான் முந்திக்கிச்சு பாத்தியா!" என்று அவள் கணவன் நிலவழகன் மீசையைத் தடவினான், என்னவோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி.

"முந்தக் கூடாதுங்க. முந்துனா தழை கொறஞ்சு போயிரும்."

மத்தியானம் விதை ஆய்வாளர் ஆத்மநாதன் வந்து, செடி செடியாகக் குனிந்து பார்த்தார். "காய் எப்படிம்மா பறிப்பீங்க?"

"மொதப் பறிப்பு விதைக்கு, கடைசிப் பறிப்பு ஆட்டுக்கு. வெண்டை, கத்திரி எல்லாத்துக்கும் எங்க ஊர்ல அப்படித்தாங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். "இந்த ஊரு வெயிலுக்கு அவசரக்காரச் செடிதான் மொதல்ல காய்க்கும். வருஷா வருஷம் அதையே பொறுக்கி வச்சிருக்கீங்க. நிதானமான செடியெல்லாம் ஆட்டு வயித்துக்குள்ள போயிருச்சு."

பொற்கொடிக்குச் சுரீரென்றது. மறுநொடியே, "சார், இங்கிட்டு வாங்க!" என்று வரப்போரம் ஓடினாள். போன வருஷம் ஆடுகளை விற்றுவிட்டதால் கடைசிப் பறிப்பைத் தின்ன ஆளில்லை. அந்த விதையைப் பால் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். வீணாக்க மனசு வராமல் அதே நாளில் ஓரமாக அதையும் மூன்றாவது வரிசையாகத் தூவியிருந்தாள். தழை தளதளவென்று நின்றது, பூ மட்டும் இல்லை.

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "தாய்விதை பூக்குற அன்னிக்கே இதுவும் பூக்கணும். பூத்தா ஒங்க பேரு அப்படியே இருக்கும்."

அதற்குப் பிறகு பொற்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் வயலுக்கு ஓட்டம்தான். நான்கு நாள் கேலி செய்த நிலவழகன், ஐந்தாம் நாள் பல்குச்சியோடு பின்னாலேயே ஓடி வந்தான்.

பன்னிரண்டாம் நாள் தாய்விதை வரிசையில் இரண்டு பூ. "ஏங்க, பூத்திருச்சு!" என்று கத்தியவளுக்கு மூன்றாவது வரிசைக்குப் போகக் கால் வரவில்லை.

"போயிப் பாரு புள்ள" என்று நிலவழகன்தான் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

மண்டியிட்டு, பனி ஈரத் தழையை இரண்டு கையாலும் விலக்கினாள். அவளுக்கு முன்பே ஒரு தேனீ உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.