தொட்டி மண்ணின் ஈரம்

நாற்பத்தொரு வேலை நாள். அத்தனை நாளும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தொட்டி மண்ணில் விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு நாள்கூட விரல் காய்ந்து வெளியே வந்ததில்லை.

தாவரவியல் படித்தவள் என்பதால் சுத்தம் சார் எனக்குத் தந்த வேலை அது. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் அவர். கதவுப் பிடியைக்கூடக் கைக்குட்டை வைத்துத்தான் தொடுவார். அதனால் அந்தப் பெயர். செடி அவருடையது. வீட்டிலிருந்து இங்கே வந்து இரண்டு மாதம்தான். தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் ஒன்பது வயது ஜேட் செடி, ஒரு முழ உயரம். வருடத்துக்கு மூன்று விரல் அகலம் வளர்ந்தாலே அதிகம்.

அதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஆனால் மண்ணில் எப்போதும் ஈரம். பிசுபிசுவென்று நகக்கண்ணில் ஒட்டும் ஈரம். மூன்று முறை சோப்புப் போடுவேன். அது என்ன ஈரம் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. சேர்ந்த இரண்டாம் வாரமே எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சார் அறையில், அலமாரிக்குப் பின்னால் என் மேசை. நான் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிடும்.

இலைகள் உதிரத் தொடங்கின. தொட்டியை நகர்த்தினால் கொசு மாதிரிப் பூச்சிகள் கிளம்பின. தரை துடைக்கிற அக்காதான் வாளித் தண்ணீரை ஊற்றுகிறாள் என்று சார் முடிவு கட்டினார். அடித்தண்டு அழுகியிருந்தால் தண்ணீர்தான் காரணம், அப்படியானால் அவள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அக்காவுக்கு வேறு வேலை கிடையாது.

"பிழிஞ்ச துணியைக்கூட அதுக்கிட்ட காட்டினதில்ல பாப்பா," என்றாள் என்னிடம். "அது என்னை முறைக்கும், நான் அதை முறைப்பேன். அவ்வளவுதான் உறவு."

வெட்டிப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. இந்த மாதிரிச் செடியைக் குளிரில் வெட்டக் கூடாது. வெயில் ஏறி, துளிர் விடும் நேரத்தில் வெட்டினால்தான் காயம் சீக்கிரம் ஆறும். ஆனால் அழுகல் நாள் பார்க்காது. இரண்டு மாதம் பொறுத்தால் உச்சி வரை போய்விடும்.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து அடித்தண்டில் வைத்தேன். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. கனிந்த பழம்போல உள்ளே போனது. பழுப்பு நீர் கொழகொழவென்று கத்தியில் வழிந்தது. குடலைப் பிடுங்கும் நாற்றம். சார் மூக்கை மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அவள் துடைப்பத்தைப் பார்த்தாள்.

இன்னும் மேலே வெட்டினேன். வட்டத்தின் நடுவில் பழுப்புப் புள்ளி. கத்தியை மறுபடி துடைத்து, இரண்டு விரல் மேலே. சின்னப் புள்ளி. மூன்றாவது வெட்டில்தான் தண்டு பச்சையாக, சுத்தமாக வந்தது. பிழைத்தது ஒரு சாண் கிளை. ஒரு வாரம் நிழலில் கிடந்து வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் புது மண்ணில் வைக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகவே வந்தது. எனக்கே வெறுப்பாக இருந்தது.

சார் அக்காவிடம் திரும்பினார். "பார்த்தியா? ஒன்பது வருஷம். நாளைக்கு வராத. போறதுக்கு முன்னாடி இந்த மண்ணை அள்ளிக் கொட்டிட்டுப் போ."

அக்கா கையுறை கேட்டாள்.

"அது சாம்பிளுக்கு வாங்கினது. குப்பைக்கு இல்ல."

அவள் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் மண்ணுக்குள் விட்டாள். சேறு விரலிடுக்கில் பிதுங்கியது. அதோடு ஒரு பல்குத்தும் குச்சி வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. அவள் அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். என் விரல்நுனியில் நாற்பத்தொரு நாளும் ஒட்டிய பிசுபிசுப்பு தொண்டைக்கு ஏறியது.

"அதைத் தொடாதீங்க அக்கா," என்றேன்.

சார் இங்கேயும் அங்கேயும் பார்த்தார், யார் பேசியது என்று தேடுவதுபோல.

"அக்கா ஊத்தல சார். தினம் சாப்பிட்டு முடிச்சதும் நீங்கதான் வாய் கொப்பளிச்சு இதுல துப்புறீங்க."