மெதெரின் கால் கயிறு

நாரின் நகரத்தில் வேன் ஓட்டும் மெதெரின் மகள் பெர்மெத்துக்குக் கால்களில் கயிறு மறுபடி முளைத்தது செப்டம்பர் முதல் தேதி, பள்ளி திறந்த நாள், காலை ஏழு மணிக்கு. கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளிக் கயிறு. ஒரு வயதில் அறுத்துப்போட்ட அதே கயிறுதான் என்று மெதெரின் அக்கா சூரா அடையாளம் சொன்னாள். அன்று அதைத் திரித்தவளே அவள்தான். பெர்மெத்துக்கு இப்போது எட்டு வயது. இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே கயிறு ஒரு சாண் இடம் விட்டது. ஆகவே அவளால் நடக்க முடிந்தது, ஒவ்வொரு சாணாக.

தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். நடை பழகும் குழந்தையின் காலைக் கட்டி நிறுத்தி, தெருவே ஓடி, முந்தி வருகிறவர் கத்தியால் கயிற்றை அறுப்பது வழக்கம். அறுப்பவரின் சுபாவம் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் துணிச்சல்காரர்களாகப் பார்த்துத்தான் ஓடக் கூப்பிடுவார்கள். பெர்மெத்துக்குக் கயிறு அறுத்த அன்று, வானிலை நிலையத்தில் வேலை பார்த்த தோக்தோசுனை யாரும் கூப்பிடவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, வீட்டில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஓடினார். அவர் வீட்டுக்கும் அதே வழி. ஒரு மல்யுத்தப் பயிற்சியாளரையும் இரண்டு கல்லூரி ஓட்டக்காரர்களையும் முந்திவிட்டார். முறை முறைதான் என்று அவர் கையில் கத்தியைத் திணித்தார்கள். கீறிவிடுமோ, கீறிவிடுமோ என்று பதினேழு தடவை கேட்டுவிட்டு அறுத்தார். இஸ்திரிப் பெட்டி அணைந்துதான் இருந்தது.

ஆக, தெரு தோக்தோசுனைத் திட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனது. கயிறு மறுபடி முளைத்த அதே வருஷம் ஏப்ரலில் பெர்மெத்தின் அம்மா நாசிரா பதினோரு நாள் காய்ச்சலில் இறந்திருந்தாள். பதினோரு நாளும் மகளிடம் அவள் சொன்னது ஒரே சொல்: ஒண்ணுமில்லை. இதை யாரும் கயிற்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் இளம் டாக்டர் அட்டையில் 'கயிறு, இரு கால்களும்' என்று எழுதிக்கொண்டு வைட்டமின் மாத்திரை கொடுத்தார். சூரா காலையில் கத்தியால் அறுத்தால், ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் கயிறு பழைய இடத்துக்கு வந்துவிடும். மெதெர் அப்போது நாரினிலிருந்து தோலோன் கணவாய் வழியாகத் தலைநகர் பிஷ்கெக்குக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். பெர்மெத்துக்கு அந்தக் கணவாய்தான் பயம். மேலே போன அப்பா அந்தப் பக்கமே தங்கிவிடுவார் என்பது அவள் எண்ணம். ஒரு பயணத்துக்குப் பதினான்கு தடவை போன் செய்வாள். ஒவ்வொரு தடவையும் அவன், ஒண்ணுமில்லைடா கண்ணு, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது என்பான். ஒவ்வொரு தடவையும் கயிற்றில் ஒரு புரி கூடியது.

அக்டோபரில் அவன் பிஷ்கெக்கை விட்டுவிட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டான். கயிறு சுண்டுவிரல் தடிமன் ஆனது. நவம்பரில் ஊருக்குள் மட்டும் ஓட்டினான். கட்டைவிரல் தடிமன். டிசம்பரில் மகளை முதுகில் சுமந்து வகுப்பில் உட்கார வைத்தான். ஆசிரியை கேள்வி கேட்டால் வாசலில் நின்று அவனே பதில் சொன்னான். ஜனவரியில், அவள் வகுப்பு ஜன்னலுக்கு நேரே வேனை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். அப்போது அது மாட்டைக் கட்டும் கயிறு. ஆசிரியை குல்சினா ஒருநாள் பனியில் இறங்கி வந்து வேன் கண்ணாடியைத் தட்டினாள்.

"உங்க வண்டி நிக்கிற நிப்பைப் பாத்தா எனக்கே ஏதோ ஆகப்போகுதுன்னு தோணுதுங்க. புள்ளைக்குத் தோணாதா?"

மெதெர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அதே வாரம் வேன் நிலையத்திலிருந்தும் ஆள் வந்தது. மார்ச்சில் வரும் நோருஸ் பண்டிகைக்குள் திரும்பாவிட்டால் பிஷ்கெக் வரிசையில் அவன் இடம் வேறொருவனுக்குப் போய்விடும்.

மெதெரைப் பற்றி இன்னொரு விஷயமும் தெருவுக்குத் தெரியும். நாசிரா போனதிலிருந்து அவன் வீட்டுக்குள் பூட்ஸைக் கழற்றுவதில்லை. அந்த ஊரில் கல்யாணத்தில் சண்டை போடுகிறவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், கம்பளத்தில் பூட்ஸோடு நடப்பவனை மன்னிக்க மாட்டார்கள். பெண்டாட்டியை இழந்தவன் என்று விட்டிருந்தார்கள். மார்ச் முதல் வாரம், சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே அசந்து தூங்கிவிட்டான். கம்பளத்தில் சேறு சொட்டியது. பெர்மெத் ஒரு பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். பிறகு மற்றதை.

அவன் கால்களிலும் கயிறு இருந்தது. அவளுடையதைவிடத் தடிமனாக, தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு. அவன் விழித்துப் பார்த்தான். வாயில் அந்த 'ஒண்ணுமில்லை' வந்துவிட்டது. அவள் அவன் கயிற்றைக் கையில் பிடித்திருந்தாள். அவன் அதை விழுங்கிக்கொண்டான்.

"உங்களுக்குமா?" என்றாள்.

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"அம்மா போனதுலேர்ந்து. கணவாய் ஏறும்போது இறுகும்."

"அப்பறம்?"

மெதெர் யோசித்தான். "அப்பறம் உச்சியைத் தாண்டி இறங்கறப்போ தளரும். தானா."

"இதை ஏன்ப்பா சொல்லல?" என்றாள். அன்று அவள் கயிற்றில் புரி கூடவில்லை.

அப்பாவுக்குக் கயிறு அறுக்கும் விருந்து வைக்க வேண்டும் என்று மறுநாளே பெர்மெத் பிடிவாதம் பிடித்தாள். "தாடி மொளைச்ச கொழந்தைக்கு ஓடறதுக்கு எவன்டா வருவான்?" என்று சூரா கேட்டாள். கேட்டுக்கொண்டே மாவு பிசைந்து, எண்ணெயில் இரண்டு கூடை போர்சோக் பொரித்தாள். தெரு முழுக்க வந்தது. தோக்தோசுன் ஓடிவிடக் கூடாது என்று அவரை அடுப்புக்குக் காவல் வைத்தார்கள். அது அவருக்குப் பிடித்த வேலை.

மெதெரைத் தெருக்கோடியில் நிறுத்தினார்கள். நூறு தப்படி தூரம். வெறுங்காலோடு நின்றான், கயிறு நன்றாக இறுகியிருந்தது, அசைந்தால் விழுவான். பதினோரு பேர் ஓடினார்கள். பத்துப் பேர் வந்து சேர்ந்து, வரிசைப்படி கத்தியை வைத்துப் பார்த்தார்கள். கத்தி வழுக்கியது. சூராவின் ரொட்டிக் கத்தியும் வழுக்கியது. பதினோராவது ஆள் அப்போதுதான் இருபதாவது தப்படியில் இருந்தாள்.

பெர்மெத் சாண் சாணாக வந்தாள். முப்பதில் ஒரு தடவை விழுந்தாள். மெதெரின் உடம்பு முன்னால் போனது, கயிறு பிடித்து நிறுத்தியது. வேறு எந்த நாளாக இருந்தாலும் இதற்குள் அவளை முதுகில் ஏற்றியிருப்பான். ஐம்பதில் மறுபடி விழுந்தாள். கை சிராய்த்தது.

"அப்பா, வந்து தூக்குங்க."

தெரு அவனைப் பார்த்தது. அவன் தன் கால்களைப் பார்த்தான்.

"வர முடியலடா. எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றான். "இங்கயேதான் நிப்பேன். நீ வா."

அவள் கொஞ்சம் அழுதாள். போர்சோக் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்தாள். அறுபதில் அழுகை நின்றது. எழுபதுக்குப் பிறகு அவள் வேகம் கூடியதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கத்தி யாரிடம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வந்து கத்தியை வாங்கி, கீறிவிடுமோ என்று கேட்காமல், ஒரே இழுப்பில் அறுத்தாள். அப்பாவின் கயிறு உதிர்ந்தது. அப்புறம்தான் எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். கயிறு இல்லாத கால். அவளுடைய கயிறு எழுபத்து மூன்றாவது தப்படியில் தேய்ந்து அறுந்து கிடந்தது. கண்டெடுத்தவர் தோக்தோசுன். அடுப்பை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்து, நிஜமாகவே அணைத்தோமா என்ற சந்தேகத்தில் திரும்பி ஓடியவர் தடுக்கி விழுந்தது அதன்மேல்தான்.

நோருஸுக்கு இரண்டு நாள் முன்னால் மெதெர் பிஷ்கெக் வரிசைக்குத் திரும்பினான். கயிறு அதோடு தீர்ந்துவிடவில்லை. பரீட்சைக்கு முன்னால் பெர்மெத்துக்கும், பனிப்புயல் நாளில் அவனுக்கும் மெல்லிசாக ஒன்று வரும். நூல் மாதிரி, நடக்கத் தடையில்லாமல். பதினான்கு போன்கள் ஒன்றாயின. கணவாய் ஏறும் முன் வண்டியை ஓரங்கட்டி அவனே செய்வான்.

"உனக்கு இறுகுதா?"

"இறுகுது. உங்களுக்கு?"

"இறுகுது. சரி, வெச்சிடறேன். ஏறணும்."

வீட்டுக்கு வந்ததும் வாசலில் பூட்ஸைக் கழற்றுவான். சாவி மாட்டும் ஆணியிலேயே ஒரு சின்னக் கத்தி தொங்கியது. அவன் காலை அவள் பார்ப்பாள், அவள் காலை அவன் பார்ப்பான், இருந்தால் அறுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அந்த வசந்தத்தில் தெருவில் வேறு சிலரும் காலுறையைக் கழற்றிக் காட்டினார்கள். ஆசிரியை குல்சினாவுக்கு ஒன்று இருந்தது, மல்யுத்தப் பயிற்சியாளருக்கு இரண்டு, தோக்தோசுனுக்கு ஆறு. அறுத்த கயிறுகளை முடிச்சுப் போட்டு சூரா தன் வீட்டிலிருந்து மெதெரின் வீடு வரை துணிக்கொடி கட்டினாள். கடையில் வாங்கும் கொடியைவிட அது உறுதி. நனைந்த கம்பளத்தைக்கூடத் தாங்குகிறது.