பின்னிருக்கை

அருங்காட்சியகக் காவலரின் மனைவி விமானத்தில் ஏறியது ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு. விமானம் மூன்றாம் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், கையகல அஞ்சலட்டைப் புகைப்படத்தில் இருந்தது. துணி போர்த்திய இரட்டைச் சிறகு, முன்னால் மீசைக்கார விமானி, பின்னால் ஒரு காலி இருக்கை. திங்கள் விடுமுறை என்றாலும் காவலர் அன்றும் பூட்டைச் சரிபார்க்கப் போவார். அவர் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவள், அட்டையையே வெகுநேரம் பார்த்தாள்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு நாளாவது எங்கயாச்சும் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றாள். அவர் வழக்கம்போல அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். "நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். குழாய மூடினேனான்னு ஞாபகமில்ல, போய்ப் பாருங்க" என்றாள் அவள்.

வீட்டில் குழாய் இறுக்கமாக மூடியிருந்தது. அவர் திரும்பி வந்தபோது விமானம் மரங்களுக்கு மேலே ஏறியிருந்தது, பின்னிருக்கையில் அவள். மேலதிகாரி வந்து பார்த்தார். 'பறக்கத் தயாராகும் விமானம்' என்ற குறிப்பு இனி பொருந்தாது என்று சொல்லி, 'பறக்கும் விமானம்' என்று மாற்றி எழுதச் செய்தார். அத்தோடு மேலதிகாரியின் வேலை முடிந்தது.

வெளிச்சம் பட்டால் பழைய படம் வெளுத்துவிடும், ஆகையால் பார்க்க ஆளில்லாத நேரத்தில் கறுப்புத் துணியால் மூட வேண்டும் என்பது அங்கே விதி. அதுவரை ஏனோதானோவென்று இருந்த காவலர் இப்போது இரண்டு துணி போட்டு மூடினார். பார்வையாளர்கள் கேட்டால் அரை நிமிடம் திறப்பார், அதற்குள் முகத்தைச் சுளிப்பார். எட்டு வருடம் கண்ணும் கருத்துமாகக் காத்தார். விமானம் அதே மரத்துக்கு மேலேயே நின்றது. கோபம் தணிந்தால் இறங்கி வருவாள் என்று இருந்தார்.

ஒன்பதாம் வருடம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். மாற்றாக வந்தவர் சோம்பேறி, துணியைத் தொடவே இல்லை. காவலர் திரும்பியபோது விமானம் பாதி மரம் அளவுக்கு இறங்கியிருந்தது, வால் பகுதி வெளுத்திருந்தது. வெளிச்சத்தில்தான் அது பறக்கும், இருட்டில் அப்படியே நின்றுவிடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எட்டு வருடம் அவளை அந்தரத்தில் தொங்கவிட்டவர் அவரேதான். பெட்டியின் மேலேயே தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

துணிகளைச் சுருட்டி எறிந்தார். அதன்பின் விமானம் தினமும் ஒரு நூல் அளவு இறங்கியது, படம் தினமும் இரண்டு நூல் அழிந்தது. கணக்கு உதைத்தது அவருக்கும் தெரியும். மூடினால் அவள் வரவே மாட்டாள், திறந்தால் இருக்கவே மாட்டாள். சிறகு போயிற்று, விமானி போனார். தரையிலிருந்து ஆளுயரத்துக்கு வந்தபோது அவள் முகம் மட்டும் மிஞ்சியது. தலை நரைத்திருந்ததா வெளுத்திருந்ததா, சொல்ல முடியவில்லை.

"குழாய் மூடியிருந்துச்சா?" என்று கேட்டாள்.

"மூடிதான் இருந்துச்சு" என்றார்.

மறுநாள் அட்டை வெள்ளையாக இருந்தது. குறிப்பை யாரும் மாற்றவில்லை. விமானம் எங்கே என்று கேட்பவர்களிடம், மேகத்துக்குள் போயிருக்கிறது என்பார் காவலர். அவர்களும் தலையாட்டிவிட்டு நான்காம் அறைக்குப் போவார்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் அவர் வீட்டுக் குழாயைச் சற்றே திறந்துவிட்டு வருகிறார், யாராவது வந்து மூடட்டும் என்று.