ஏழு ஐந்துக்கு வரும் கேள்வி

மலேசியாவின் மூவாரில் சிவசம்பு வீட்டுப் பூஜையறையில், முருகன் படத்துக்குக் கீழே, ஒரு புத்தக அளவில் கறுப்புக் கணினிப் பெட்டி ஒன்று இருக்கிறது. மகன் லக்ஷ்மன் வைத்துவிட்டுப் போனது. மாலை ஏழு மணிக்கு அது தானாகவே தேவாரம் பாடும். அவன் போய் நான்கு வருடங்களாகியும் பாட்டு நின்றதில்லை. போன தீபாவளியிலிருந்துதான், தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் பாதி அடியில் அடங்கிப் போகிறது.

சிவசம்பு எழுந்து போய்ப் பொத்தானை அழுத்துவார். பெட்டி மறுபடி உயிர் பெறும். வந்து உட்காருவார். மூன்று மாதமாக இதே வேலை.

"வேற ஒண்ணு வாங்கிடலாமேங்க" என்று மனைவி சரோஜினி ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"இது இருக்கட்டும்."

மகனைப் பற்றி அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை பார்த்த குடும்பம். லக்ஷ்மன் எட்டே மாதத்தில் அந்த வேலையை விட்டான். "என் பேரைச் சொல்லிக்கிட்டு இனி எங்கேயும் நிக்காதே" என்றார் தகப்பனார். அவன் தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு போனான். எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் தேங்காய்ப்பால் சொதி வைக்கும் நாட்களில் சரோஜினி இன்னமும் மூன்று பேருக்கான தேங்காயைத்தான் துருவுகிறார்.

தைப்பூசம் முடிந்த வாரம் கமலநாதனை வரச் சொன்னார்கள். நாற்காலித் தொழிற்சாலை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். வேலை விட்டதும் நேராக வந்தான். பெட்டிக்கும் இணைய இணைப்புக்கும் நடுவே தன் மடிக்கணினியை வைத்து, உள்ளே போவது வருவதையெல்லாம் பதிய விட்டு, சரோஜினி கொடுத்த வடையைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். ஏழு ஐந்துக்குப் பாட்டு நின்றது.

"அலாமாக்!" என்று வியந்தான். "ஆன்ட்டி, பெட்டி கெட்டுப் போகல. யாரோ வெளியிலேருந்து தள்ளி விடுறாங்க."

"யாரு, பேயா?" என்றார் சிவசம்பு.

"பேய்க்கு எதுக்கு அங்கிள் இன்டர்நெட்டு?" வடைத் துணுக்கைத் துடைத்துக்கொண்டான். "ஒரு மெஷின் இன்னொரு மெஷினைப் பார்த்து 'இருக்கியா'ன்னு கேட்கும். இது 'இருக்கேன்'னு சொல்லும். அதுக்கு பிங்னு பேரு. கூடவே ஏதாச்சும் எழுதி அனுப்பினா, அதையே திருப்பிக் கொடுக்கும். யார்கிட்டயும் சொல்லாது. சின்னதா வந்தா ஒண்ணும் ஆகாது. பெரிசா வந்தா துண்டு துண்டாத்தான் வரும், இது ஒட்டணும். இந்தப் பழைய சிஸ்டத்துக்கு ஒட்டறப்போ அளவு தப்பிப் போவுது, மயக்கம் போட்டு விழுந்துடுது. தெரிஞ்ச ஓட்டைதான். எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு யார் வேணும்னாலும் இதை விழ வைக்கலாம்."

"நம்மள விழ வெச்சு யாருக்கு என்ன தம்பி லாபம்?" என்றார் சரோஜினி.

"தெரியல ஆன்ட்டி. ஆஸ்திரேலியா, பெர்த் பக்கத்து அட்ரஸ். அதைத் தடுத்துட்டா முடிஞ்சுது லா, ரெண்டு நிமிஷ வேலை."

"தடுத்துடு" என்றார் சிவசம்பு.

கமலநாதன் தட்டச்சு செய்யத் தொடங்கினான். பிறகு கையை நிறுத்தினான். தொழிற்சாலையில் எதையும் தடுப்பதற்கு முன், வந்தது என்ன என்று ஒருமுறை திறந்து பார்ப்பது அவன் வழக்கம். திறந்தான். உள்ளே தமிழ் எழுத்துகள். முதல் சொல் 'அம்மா' என்றிருந்தது.

அவன் அடுத்த சொல்லைப் படிக்கவில்லை. திரையைச் சரோஜினியின் பக்கம் திருப்பி வைத்தான். "ஆன்ட்டி, இது உங்களுக்கு வந்தது. நான் மோட்டார் பைக்கை நிழல்ல நிறுத்திட்டு வர்றேன்" என்று வெளியே போனான். அந்த நேரத்தில் வெளியே வெயிலே இல்லை.

சரோஜினி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

'அம்மா, இன்றைக்கும் பதில் வராது என்று தெரியும். முன்பெல்லாம் இரண்டு வரி எழுதுவேன். அதே இரண்டு வரி திரும்பி வரும். வீட்டில் விளக்கு எரிகிறது, பெட்டி ஓடுகிறது என்று நிம்மதியாகத் தூங்குவேன். தீபாவளி அன்று மனம் தாங்காமல் நிறைய எழுதினேன். அன்றிலிருந்து ஒன்றும் திரும்பி வருவதில்லை. அப்பா பெட்டியை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. நிறுத்தட்டும். திரும்பி வராதென்று ஆனபின் நீளமாக எழுதுவது எளிதாக இருக்கிறது.'

இன்னும் நிறைய இருந்தது. மர ஆலை வேலை, அறைத் தோழன், வெயில். கடைசியில்: 'நேற்று சொதி வைத்தேன். திரிந்து போய்விட்டது. பாலை முதலில் ஊற்ற வேண்டுமா, கடைசியிலா?'

சிவசம்பு சாமிப் படத்தைப் பார்த்தபடி நின்றார். "நான் நிறுத்தலையே" என்றார். "தினமும் எழுப்பித்தானே விட்டேன்." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சரோஜினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பல வருடங்களாக அவர் அப்படிச் செய்ததில்லை.

கமலநாதன் திரும்பி வந்தபோது சிவசம்புதான் முதலில் பேசினார்.

"தம்பி, தடுக்காதே. விழாம செய்ய முடியுமா?"

"முடியும் அங்கிள். சிஸ்டத்தைப் புதுசாக்கினா அந்த ஓட்டை அடைஞ்சுடும். கொஞ்சம் நேரமாகும்."

"அவன் எழுதினதுதான் அவனுக்குத் திரும்பிப் போகுமா? நாங்க எழுதினா?"

கமலநாதன் யோசித்தான். "திரும்பிப் போறப்போ வால்ல ஒரு வரி ஒட்டி விடலாம். அவரு எழுதி அனுப்புறதும் உங்க டிவியில தெரியற மாதிரி செய்றேன்."

வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகும் அவசரம் அவனுக்கும் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. ஒட்ட வேண்டிய வரியைக் கேட்டான். சரோஜினி வாயைத் திறந்தார்; நான்கு வருடத்தில் சேர்ந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து ஒன்றுமே வரவில்லை. சிவசம்பு சொன்னார்: "கேட்டதுக்குப் பதில் சொல்லு. பால் கடைசியில. அப்பான்னு போடு."

அடுப்படிப் பக்கமே போகாத மனிதர். சரோஜினி அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் ஏழு மணிக்குத் தேவாரம் தொடங்கியது. இருவரும் பாட்டைக் கேட்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழு ஐந்து. சிவசம்பு பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார். பாட்டு நிற்கவில்லை. டிவியில் நீளமான கடிதம் ஒன்று வந்து விழுந்தது. அவர்கள் அதைப் படிக்கவில்லை, தங்கள் வரிக்குப் பதில் வருமா என்று காத்திருந்தார்கள். பாட்டு முடியும்வரை வேறொன்றும் வரவில்லை. சரோஜினி கற்பூரம் ஏற்றினார். தட்டைக் கீழே வைத்தபோது திரையில் ஒரே ஒரு வரி.

'அப்பா, தண்ணிப் பாலா, கெட்டிப் பாலா?'

சிவசம்பு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்? நீ சொல்லு" என்றார். சரோஜினி விபூதிக் கையோடே உட்கார்ந்து, கமலநாதன் வைத்துவிட்டுப் போன விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினார்.