தொற்காள் என்றால் மான்

பள்ளியில் சரித்திரம் நடத்திய அவரை வீட்டில் எல்லோரும் 'அகராதி' என்றே கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே ஒரு பொருளில், முதுகுக்குப் பின்னால் இன்னொரு பொருளில். எந்தப் பெயரைச் சொன்னாலும் அது எந்த மொழியிலிருந்து வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுவார். கல்யாணம், ஞானஸ்நானம் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது அவர் கையில் மைக்கைத் திணித்துவிடுவார்கள். பேதுரு என்றால் பாறை, ஸ்தேவான் என்றால் கிரீடம், பிலிப்பு என்றால் குதிரைப் பிரியன். "நம்ம மாப்பிள்ளை பைக்குக்கே பெட்ரோல் போட யோசிப்பாரு, குதிரைக்கு எங்க கொள்ளு வாங்கப் போறாரு" என்பார். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவருக்குச் சாப்பாட்டை விடப் பிடிக்கும்.

அவருடைய அண்ணி மருத்துவமனைத் தையல் அறையில் வேலை பார்த்தார். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது, நோயாளிகளின் அங்கிக்கு நாடா வைப்பது, அறுவை அறையின் பச்சைத் துணிகளுக்கு ஓரம் அடிப்பது. குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் அண்ணிக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. அந்தக் காலுக்கு அடி தடித்த பூட்ஸ் போட்டிருப்பார். நடக்கும்போது தோள் ஒரு பக்கம் இறங்கி ஏறும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

அண்ணி ஓய்வு பெற்ற அன்று மருத்துவமனை உணவுக்கூடத்தில் தேநீர் விருந்து. மேட்ரனே அகராதியைக் கூப்பிட்டு, "சார், நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க, நல்லாப் பேசுவீங்களாமே" என்றார். அவருக்கு அது போதும்.

"எங்க அண்ணி பேரு தொற்காள். கிரேக்கப் பேரு. அர்த்தம் என்ன தெரியுமா? மான்" என்று ஆரம்பித்தார்.

அதைச் சொன்ன நேரம் பொல்லாத நேரம். பரிசை வாங்கிக்கொள்ள யாரோ கை காட்டவே, பின்வரிசையிலிருந்த அண்ணி எழுந்து மேஜைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். பூட்ஸ் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவியது.

அதுவரை நடந்தது தற்செயல். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிரிப்பு காதில் விழுந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அதோ, துள்ளி வருது பாருங்க" என்றார்.

கூடமே அதிர்ந்தது. கையில் தேநீரோடு நின்றிருந்த அண்ணனும் சிரித்தார். அண்ணி தயங்கவில்லை. மீதித் தூரத்தையும் நடந்து வந்து, பரிசை வாங்கி, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அதைப் பார்த்தபோதுதான் தான் என்ன சொன்னோம் என்று அகராதிக்குப் புரிந்தது. தொற்காளைப் பற்றி வேதத்தில் வரும் கதையைச் சொல்லித்தான் முடிக்க நினைத்திருந்தார். அதற்குள் மைக்கை மேட்ரன் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய மனைவி கேட்டது ஒன்றுதான். "ரெண்டாவதா சொன்னீங்களே, அது எதுக்கு?"

 மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்க்காமல், "உள்ள இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணி ஜன்னலோரம் தலையணை உறைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணி."

"ஆமா தம்பி" என்றார் அண்ணி. ஊசியை நிறுத்தவில்லை.

அவர் நின்றார். உட்காரச் சொல்வார் என்று பார்த்தார்.

"அது எனக்கு அப்பா அம்மா வச்ச பேரு இல்ல" என்றார் அண்ணி. "விடுதியில தையல் கத்துக்கிட்டு இருந்தப்போ, பாதிரியார் வீட்டம்மா ஒரு கதை சொன்னாங்க. தொற்காள்னு ஒருத்தி, விதவைங்களுக்கெல்லாம் துணி தச்சுக் குடுப்பாளாம். அவ செத்ததும் அவங்க எல்லாரும் அவ தச்ச துணியைக் கையில தூக்கிக் காட்டிக் காட்டி அழுதாங்களாம். அப்புறம்தான் அவளுக்கு உயிர் வந்துச்சாம். எனக்கு அப்போ அழறதுக்குன்னு ஒரு ஆள் கிடையாது. அந்தப் பேரு வேணும்னு நானே கேட்டு வாங்கினேன். மான்னு யாரும் சொல்லல."

"அந்தம்மாவுக்கே ரெண்டு பேர் உண்டு அண்ணி. அவங்க பாஷையில தபீத்தாள். அதுக்கும் அதே அர்த்தம்..."

அண்ணி தலையைத் தூக்கினார். "இப்பவும் அர்த்தம் சொல்றீங்களே தம்பி."

அவருக்குத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இனிமே யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்கு மான்தான் முதல்ல வரும். சனங்க சிரிக்கிறது பழக்கம்தான். உங்க அண்ணன் அதுக்குச் சிரிச்சு நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

அதன்பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவும் இல்லை. மனைவிக்கு மருந்து வாங்க மருத்துவமனைக்குப் போனபோது, தையல் அறைப் பெண் ஒருத்தி நடைவழியில் அவரைப் பார்த்துவிட்டு, "மான் அக்கா சௌக்கியமா சார்?" என்று விசாரித்தாள். கேலியே இல்லை, பாசமாகத்தான் கேட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும், "எங்க மான் இல்லாம ரூமே வெறிச்சுன்னு இருக்கு" என்றாள். அவர் விதைத்தது அங்கே வேர் பிடித்து, தழைத்து நின்றது.

அவர் அவர்களோடு தையல் அறைக்கே போனார். மிஷின்களின் சத்தம் நின்றது. எவ்வளவோ மேடை ஏறியவர் வாசலைத் தாண்டாமல் நின்றே பேசினார்.

"அன்னிக்கு நான் பேசினது அசிங்கம். அவங்களை அப்படிக் கூப்பிடாதீங்க. அந்தப் பேரை அவங்களே ஆசைப்பட்டு வச்சுக்கிட்டாங்க."

மான் அக்கா என்று கேட்ட பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "நாங்க பிரியமாத்தான் சார்..." என்று இழுத்தாள். தன் வெட்கத்தை அவள் தலையிலும் ஏற்றிவிட்டோம் என்று புரிந்து, வெளியே வந்தார். மருந்து வாங்க மறந்துபோய் வீடு வரை போய்த் திரும்பினார்.

இதை அவர் அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும்.

சில மாதங்களுக்குப் பிறகு அண்ணனே போன் செய்து, "வாடா, எத்தனை நாளைக்கு இப்படி?" என்றார். போனார். அண்ணி பழையபடிதான் பேசினார். "இளைச்சுட்டீங்களே தம்பி" என்றார். பிள்ளைகளை விசாரித்தார். ஒரு வார்த்தை குறையவில்லை. காப்பியை மட்டும் அண்ணன் கொண்டுவந்தார். அடுத்த தடவையும் அண்ணன்தான் கொண்டுவந்தார். வெளியே மழை தூறியபோது, கொடியில் கிடந்த துணியை எடுக்க அண்ணன் ஓடினார். அண்ணி நாற்காலியை விட்டு அசையவில்லை.

அவர் இருக்கும்வரை அண்ணி எழுந்து நடப்பதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அவர் அண்ணன் வீட்டில் அதிக நேரம் உட்காருவதில்லை. காப்பி குடித்ததும், வேலை இருப்பதாக ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். "அதுக்குள்ளயா?" என்று அண்ணன் கேட்பார். அண்ணி ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கதவைத் தமக்குப் பின்னால் நன்றாகச் சாத்திவிட்டு, தெருமுனை வரை நிற்காமல் நடப்பார்.